உடைத்துப் பார்த்ததில் மட்டும் ஏறுகிறவர்

கொலோமியே,
ஆகஸ்ட் 24, ஞாயிறு.

அன்பு மகள் மாய்லிஸுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம், அவருக்கு முழங்கால் வலி, எனக்கு ரத்த அழுத்தம், இரண்டும் எங்களைவிட ஒற்றுமையாக ஒரே வீட்டில் காலம் தள்ளுகின்றன, மற்றபடி குறையொன்றும் இல்லை. கடலுக்கு அப்பால் எவரெட்டில் நீயும் உன் பூனையும் நலமாக இருக்க வேண்டும், மழை அதிகம் நனையக் கூடாது, வேளைக்குச் சாப்பிட வேண்டும், நின்றுகொண்டே காப்பி குடித்துவிட்டு அதற்குச் சாப்பாடு என்று பெயர் வைக்கக் கூடாது. இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். என்ன செய்வது, போன் செய்தால் எடுப்பதில்லை, செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. முந்தாநாள் உன் சித்திக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று எழுதினேன், கட்டைவிரல். அத்திப்பழம் பழுத்துவிட்டது, பாதியைப் பறவை தின்றுவிட்டது என்று எழுதினேன், அதற்கும் கட்டைவிரல். மூன்று வாரமாக என் மகளின் கட்டைவிரலோடு குடும்பம் நடத்துகிறேன். கடிதம் என்றால் நீ முழுவதும் படித்துத்தான் ஆக வேண்டும், நடுவில் என்னை நிறுத்தவும் முடியாது.

உனக்குத் தெரிந்ததையே மறுபடி எழுதப் போகிறேன், ஏனென்றால் உனக்குத் தெரிந்தது பாதிக் கதைதான், மறுபாதி இந்த வீட்டுக்குள் நடந்தது. ஜூன் மாதம் நீ போன் செய்து, செப்டம்பர் கடைசியில் எங்க தொழிற்சாலையில குடும்ப நாள், வேலை செய்யறவங்க வீட்டாளுங்களை உள்ளே கூட்டிட்டுப் போகலாம், நான் வேலை செய்யற இடத்தைக் காட்டணும், ரெண்டு பேரும் வாங்க என்று சொன்னாய் இல்லையா, அன்றைக்கு உன் அப்பா போனில் என்னவோ பல் டாக்டர் தேதி கொடுத்ததைக் கேட்டுக்கொள்கிற மாதிரி, சரி சரி பாக்கலாம் என்றார். போனை வைத்தபிறகு தோட்டத்துக்குப் போய்த் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில்தான் நான் ஊற்றியிருந்தேன். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போய் ஊற்றினார். அந்த வரிசைச் செடிகள் எல்லாம் வேர் அழுகிப் போயின. உன் அப்பாவுக்குச் சந்தோஷம் வந்தால் யாராவது ஒருவர் அதற்கு விலை கொடுத்தே ஆக வேண்டும், இந்த வருஷம் தக்காளி கொடுத்தது.

ஆனால் மனிதர் யார்? வேலைக்குப் போன காலமெல்லாம் சோதனைக் கூடத்தில் விமானத்தை உடைக்கிற வேலை பார்த்தவர். நம் வீட்டில் நான் ஒரு கோப்பையை உடைத்தால் மூன்று நாள் பேச்சு, அவர் இறக்கையை வளைத்து வளைத்து உடைத்தால் சம்பளமும் கைதட்டலும். சாப்பாட்டு மேசையில் ரொட்டியை வளைத்துக் காட்டாத ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வானத்துல என்னைக்கோ ஒரு நாள் வரக்கூடிய பெரிய சுமை இவ்வளவு, அதுக்கு மேல பாதி ஏத்தி நிறுத்தணும், அதையும் தாங்கினாத்தான் பாஸ், அப்புறம் உடையற வரைக்கும் ஏத்திப் பாக்கணும் என்று சொல்லிக்கொண்டே ரொட்டியை ஒடிப்பார், தூள் எல்லாம் என் மேசைவிரிப்பில். விமானத்தின் உடலுக்குள் காற்றை ஏற்றி ஏற்றி இறக்குவதைப் பற்றி அவர் சொல்லாத நாள் இல்லை. விரிசலே வராதுன்னு யாரும் கட்டறதில்ல, வந்தா நம்ம கண்ணுல படற வரைக்கும் தாங்கணும், அப்படித்தான் கட்டணும் என்பார். எனக்கு இதெல்லாம் மனப்பாடம். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு பிரேக் எது என்று தெரிந்தால் போதும் என்று இருந்தவள், எனக்கு எதற்கு இறக்கையின் கணக்கு? இருந்தும் தெரியும். அப்படிப்பட்டவர் கடைசியில் பிடித்துக்கொண்ட ஒரே கொள்கை, நான் உடைச்சுப் பாத்ததுலதான் ஏறுவேன் என்பது. அதாவது நம் ஊரில் செய்த விமானம். உன் தொழிற்சாலையில் செய்கிற உன் ஊர் விமானத்தை அவர் உடைக்கவில்லை, அதனால் அதில் ஏற மாட்டார். நல்ல வேளை, என் சமையலுக்கு இந்தச் சட்டத்தைப் போடவில்லை.

இதில் உன் அப்பாவை மட்டும் சொல்லிப் பயனில்லை, இந்தத் தெருவே அப்படித்தான். கைப்பேசியில் ஏதாவது ஒரு விமானத்தைப் பற்றி ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், முடிதிருத்தும் கடையிலிருந்து ரொட்டிக் கடை வரைக்கும் எல்லோரும் பொறியாளர். எதிர்வீட்டு பெய்ரூஸ் அம்மாளை உனக்குத் தெரியுமே, கணவர் அந்தக் காலத்தில் நம் தொழிற்சாலை வாசலில் காவல் பார்த்தவர், அந்த உரிமையில் அந்த அம்மாளும் விமான நிபுணர். ஜூலையில் மயோர்கா தீவுக்குப் போனார். டிக்கெட் எடுக்கும்முன் எந்த விமானம் என்று பேரனை விட்டுப் பார்க்கச் சொல்லி, நம் ஊர் விமானம் என்று உறுதி செய்துகொண்டுதான் எடுத்தார். திரும்பி வந்து வாசலில் நின்றபடி என்னிடம் ஒரே புகழ்ச்சி, ஏறினதுமே தெரிஞ்சுது ஜோசியான், நம்ம பிள்ளைங்க கை வேலை, ஒரு ஆட்டம் இல்ல, குலுக்கல் இல்ல, பூ மாதிரி இறக்கினான் என்று. ஞாபகத்துக்கு என்று இருக்கைப் பையில் செருகி வைத்திருக்கும் பாதுகாப்பு அட்டையை வேறு கைப்பையில் போட்டு எடுத்து வந்திருக்கிறார், அது தப்பு என்று யார் சொல்வது? பெருமையாக எடுத்து உன் அப்பாவிடம் நீட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார், மேலே உன் ஊர் விமானத்தின் பெயர். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றியிருக்கிறார்கள், அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. பெய்ரூஸ் அம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, உடனே அங்கேயே நின்றபடி, அதான் பாத்தேன், இறங்கறப்ப வயித்தை ஒரு மாதிரி பண்ணுச்சு என்று ஆரம்பித்துவிட்டார். உன் அப்பா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. சிரித்து முடித்தபின் அந்த அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், அதை நான் கவனித்தேன்.

நீ மட்டும் லேசுப்பட்டவளா என்ன? போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வாத்துக் கறியை வைத்துக்கொண்டு, உங்க விமானத்துல கழிப்பறைக்குள்ள திரும்பக்கூட முடியலப்பா, நீங்க இறக்கையை உடைச்ச நேரத்துல அதைக் கொஞ்சம் அகலப்படுத்தியிருக்கலாம் என்று சொன்னவள்தானே. உன் கூட வேலை செய்கிற ஒருத்தி எங்கள் விமானம் என்றால் தேன்நிலவையே தள்ளிப்போடுவாள் என்று நீதான் சொன்னாய். இரண்டு பக்கமும் ஒரே பைத்தியம், கடல் மட்டும்தான் நடுவில்.

சரி, கதைக்கு வருகிறேன். உன் அப்பா நான்கு நாள் கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார். நேராகப் போனால் ஒரே இடத்தில் மாறினால் போதும், ஆனால் நீண்ட பயணம் உன் ஊர் விமானத்தில். அதனால் இங்கிருந்து ஓரிடம், அங்கிருந்து இன்னோரிடம், அங்கே ராத்திரி முழுக்க இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, பிறகு இன்னொன்றில் ஏறி, கடைசியில் உன்னிடம் வந்து சேர்வது. எல்லாமே நம் ஊர் விமானம். இந்த வயதில் என் இடுப்பை அவர் சோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார் என்று தெரிந்தும் மகளைப் பார்க்கத்தானே என்று பேசாமல் இருந்தேன், பெட்டியைக்கூட இறக்கிவைத்து உனக்கு உலர்த்திய பீன்ஸ் விதை, வயலெட் பூ மிட்டாய் எல்லாம் எடுத்துவைத்துவிட்டேன். போன மாதக் கடைசியில் விமானக் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல், கடைசிப் பயணத்தில் விமான வகை மாறியிருக்கிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று. என்ன வகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டார். அவருடையதை மட்டுமில்லை, என்னுடையதையும். நான் தோட்டத்தில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தேன், உள்ளே போன் ஒலிபெருக்கியில் உன் குரல் கேட்டது, அதனால் வந்தேன், வந்தபோது சண்டை முடிகிற கட்டம்.

நீ கேட்டது என் காதில் அப்படியே இருக்கிறது. நான் பாத்து முத்திரை குத்தினதுல ஏற மாட்டீங்களாப்பா என்று கேட்டாய். அதற்கு அந்த மனிதர், முத்திரையை நம்பி ஏறுறது பயணிங்க வேலை, என் வேலை இல்ல என்றார். அப்புறம் நீ போன் வைத்த சத்தம்தான். மாய்லிஸ், உன் குரல் அப்படி ஒடுங்கி நான் இதற்குமுன் கேட்டதில்லை. நீ சண்டைக்காரி, கத்தியிருந்தால் எனக்குக் கவலையில்லை. கத்தாமல் வைத்தாயே, அதுதான் எனக்குக் கவலை. ஒரு பெண் தன் அப்பா பார்க்கவேண்டும் என்று படித்து, அவர் தொழிலையே எடுத்து, கடல் தாண்டிப் போய், விமானத்தின் உடலை ஒன்றோடொன்று சேர்க்கும் இடத்தில் ஒவ்வொரு ரிவெட் ஆணியாகப் பார்த்துத் தன் முத்திரையைக் குத்துகிறாள், அந்த அப்பா அதை நம்பி ஏற மாட்டேன் என்கிறார். நான் பீன்ஸ் கூடையை மேசைமேல் வைத்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கூடையை வேறு எங்காவது வைத்திருப்பேன், நல்ல கூடை, அதனால் விட்டேன்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று கேள், உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். நான் பிறந்தது காஸ்த்ர், உனக்குத் தெரியும், கல்யாணத்தன்றே உன் பெரியப்பா ரக்பியில் எதிரி ஊர்ப் பெண்ணையா கட்டுறே என்று கேட்டார். உங்கள் சண்டைக்கு மறுநாள் காலையில் உன் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன், இன்னியிலேருந்து நானும் உங்களை மாதிரிதான், என் ஊர்ல செஞ்சது தவிர வேற எதுவும் இந்தச் சமையலறைக்குள்ள வராது. அவர் ஊரான தூலூஸின் சாஸேஜ் கிடையாது, தூலூஸ் ரொட்டிக் கடை கிடையாது, சனிக்கிழமை நம் வீட்டுத் தொலைக்காட்சியில் காஸ்த்ர் ஆட்டம் மட்டும்தான். அவர் சிரித்தார். முதல் நாள் எங்கள் ஊர்ப் பன்றிக்கறி உருண்டை பொரித்துவைத்தேன், சாப்பிட்டார். மறுநாளும் அதே. அது அவருக்கு நெஞ்சைக் கரிக்கும் என்று எனக்குத் தெரியும், கல்யாணமான புதிதிலிருந்தே கரிக்கிறது. ஒரு வாரம் கழித்து மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, ஏம்மா, இது இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேட்டார். உடையற வரைக்கும் ஏத்திப் பாக்கணும், உங்க தொழில்தானே, பொறுமையா இருங்க என்றேன். அப்போதும் உன் பெயரை எடுக்கவில்லை அவர். ஆனால் உன் பழைய அறைக்குள் போய்க் கதவுப் பிடி ஆடுகிறது என்று திருகிக்கொண்டிருந்தார். அந்தப் பிடி ஆடவே இல்லை.

நான் இத்தனை வருஷம் ஒரு தொழிலில் இருந்தேன் அல்லவா, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பயந்தவர்களைப் பார்ப்பதுதான் அந்தத் தொழில். பயப்படுகிறவன் ஒருநாளும் பயமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டான். கிளட்ச் சரியில்லை என்பான், இந்தச் சாலை மோசம் என்பான், எதிரே வருகிறவனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்பான், ஒரு பெரிய மனிதர் இத்தாலியக் கார் என்றால் தான் தொடுவதில்லை என்று கொள்கை பேசி மூன்று வகுப்பு தள்ளிப்போட்டார். இரண்டாவது வாரம்தான் எனக்கு உறைத்தது, நம் வீட்டுக்காரரும் இத்தனை நாள் கொள்கை பேசிக்கொண்டிருக்கிறாரே, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தோமா என்று. போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தியைப் பார்க்கக் காஸ்த்ர் போய்த் திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். நல்ல மழை. காருக்குள் ஒருவரும் எழுந்து போக முடியாது, அதுவும் என் தொழிலில் கற்றுக்கொண்டதுதான். நேராகக் கேட்டேன், உங்களுக்கு எதுக்குப் பயம்?

பயமா, எனக்கா என்றார். பிறகு வைப்பரைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தார். பிறகு சொன்னார், இதை நம் இருவரிடமும் அவர் சொன்னதில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன். இறக்கை உடைஞ்ச அன்னைக்கு ஒரு சத்தம் வந்துச்சு ஜோசியான், கூடமே அதிர்ந்துச்சு, எல்லாரும் கைதட்டினாங்க, எங்க கணக்குக்கு மேலேயே தாங்கிடுச்சுன்னு ஷாம்பெய்ன் உடைச்சாங்க, நானும் தட்டினேன், ஆனா கிளாஸைத் தொடாம வெளியே போயிட்டேன் என்றார். அதற்குப் பிறகு விமானத்தில் ஏறினால் அந்தச் சத்தம் காதில் வருமாம். மேகத்தில் குலுக்கினால் உடனே மனதுக்குள் கணக்கு போடுவாராம், இது எவ்வளவு, அந்தச் சத்தம் வர இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று. நம்ம விமானம்னா எனக்கு அந்தக் கணக்கு தெரியும், இன்னும் எவ்வளவோ இருக்குன்னு கண்ணை மூடிக்குவேன், அங்க ஏறினா எனக்கு ஒண்ணும் தெரியாது, யாரோ சொன்னதை நம்பி உக்காந்திருக்கணும், அதுக்கு எனக்குத் தைரியம் இல்ல என்றார். இத்தனை வருஷம் ஊர்ப் பெருமை, தொழில் பெருமை என்று மார்தட்டினாரே, அடியில் இருந்தது இவ்வளவுதான். கொள்கை எல்லாம் சும்மா. எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்ததால் ஒன்றும் செய்யவில்லை. நீயும் இரண்டு கையை வைத்தே ஓட்டு, போன முறை வீடியோவில் ஒரு கைதான் தெரிந்தது.

மனதில் இருந்ததைக் கொட்டிய களைப்பில் அவர் தூங்கிவிட்டார், எப்போதும் போல வாயைத் திறந்துகொண்டு. புய்லோரான்ஸ் ஊரைத் தாண்டி ஒரு பெரிய லாரி, தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு முன்னால் போயிற்று, எதிரே எதுவும் தெரியவில்லை, கொஞ்சம் பொறுத்திருந்து இடம் கிடைத்ததும் தாண்டினேன். கார் ஒரு பக்கம் இழுத்தது, சரிசெய்துகொண்டேன். இவர் அசையவே இல்லை, குறட்டை. எனக்கு அப்போதுதான் தோன்றியது. முழங்கையால் இடித்து எழுப்பினேன். மழையில லாரியைத் தாண்டினேன், நீங்க பாட்டுக்குத் தூங்கறீங்க, இந்தக் காரை எப்ப உடைச்சுப் பாத்தீங்க என்று கேட்டேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு, காரை எதுக்கு உடைக்கணும், ஓட்டுறது நீதானே என்றார். சரி, அங்க ரிவெட்டைப் பாக்கறது யாரு என்று கேட்டேன்.

அதற்கு மேல் அவர் தூங்கவில்லை. வெளிவட்டச் சாலை வந்தது, நம் ஊருக்குத் திரும்பும் பிரிவு வந்தது, வீடு வந்தது, வண்டியை நிறுத்தி நான் இறங்கி உள்ளே போய் விளக்கு போட்டு ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் மனிதர் இன்னும் காருக்குள்ளேயே பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விட்டுவிட்டேன், பொறுத்திருக்கத் தெரியாதவர்கள் யாருக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க முடியாது.

திங்கள், செவ்வாய் ஒன்றும் நடக்கவில்லை, பன்றிக்கறி உருண்டையும் மாத்திரையும்தான். புதன்கிழமை மத்தியானம் மாடியிலிருந்து கூப்பிட்டார், உன் பேரை சரியா அடிச்சிருக்கேனான்னு வந்து பாரு என்று. போய்ப் பார்த்தேன். திரையில் இரண்டு வழி இருந்தது. ஒன்று பழைய மாதிரியே மூன்று விமானம், இரும்பு நாற்காலி, எல்லாம் நம் ஊர்ச் சரக்கு, அது இப்போது மறுபடி கிடைக்கிறதாம். இன்னொன்று ஒரே இடத்தில் மாறி உன் ஊர் வரைக்கும் நேராக, நீ பார்க்கிற அதே வகை விமானத்தில். பணம் கட்டியிருந்தது இரண்டாவதுக்கு. என் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது, திருத்தச் சொன்னேன். கீழே வந்து கடைக்குப் போய்த் தூலூஸ் சாஸேஜ் ஒரு முழம் வாங்கி வந்து, வெங்காயம் போட்டு வறுத்து, அவர் தட்டில் முழுவதையும் வைத்தேன். சாப்பிடும்போது அவர் ரொட்டியை வளைக்கவும் இல்லை, ஒடிக்கவும் இல்லை, ஒழுங்காகக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டார்.

இப்போது வீட்டில் வேறு கூத்து. உன் விமானத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி படிக்கிறார், நடுநடுவே, பரவாயில்லையே, நல்லாத்தான் யோசிச்சிருக்கானுங்க என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார், நான் நிமிர்ந்து பார்த்தால் இருமுகிறார். பெய்ரூஸ் அம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை, தெருவில் மானம் போய்விடுமாம். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றிருக்கிறேன், அதற்கு ஒரு நல்ல நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு அவரே போன் செய்யட்டும் என்று போனைக் கையில் கொடுத்துப் பார்த்தேன், ஏதோ சுடுகிற மாதிரி மேசைமேல் வைத்துவிட்டார். அவர் வாயால் மன்னிப்பு கேட்பார் என்று நீ காத்திருக்காதே, அந்தப் பாகம் அவரிடம் வைத்துக் கட்டவே இல்லை. ஆனால் மகளே, பேசாமல் இருப்பதும் நீளமாகப் போகக் கூடாது, கோபம் இருந்தால் எடுத்து வெளியே போடு, கத்து, நான் நடுவில் நிற்கிறேன். கட்டைவிரல் மட்டும் வேண்டாம்.

நாங்கள் வரும்போது அந்த பீன்ஸ் வரும், மிட்டாய் வரும், பாலாடைக்கட்டியை உங்கள் சுங்கக்காரர்கள் விட்டால் அதுவும் வரும். வீட்டில் சோபாவில் படுக்க எனக்கு ஆட்சேபணை இல்லை, உன் பூனை மட்டும் அப்பா முகத்தின்மேல் ஏறாமல் பார்த்துக்கொள். குடும்ப நாளன்று எனக்கு உட்கார ஒரு நாற்காலி ஏற்பாடு செய், உன் அப்பா ஒவ்வொரு ரிவெட்டாக நின்று பார்ப்பார், நீயும் அவரும் பேசி முடிக்கும்வரை நான் நிற்க முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள். தேவமாதா உன்னை எந்நேரமும் காக்கட்டும், நீ கைவைத்த வேலை எல்லாம் உறுதியாக நிற்கட்டும், அதில் ஏறுகிற ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேரட்டும்.

ஒன்று மறக்காமல் செய். எங்கள் இருக்கைகளை இன்னும் எடுக்கவில்லை. எங்கே போனாலும் இறக்கைக்கு நேரான ஜன்னலோரம்தான் உட்காருவார் உன் அப்பா, அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் அவருக்கு. இந்த முறை அது வேண்டாமாம். மூன்று நாளாக இருக்கைப் படத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறார், கடைசியில் இன்று காலை என்னிடம் வந்து, எழுதறதுன்னா இதையும் கேட்டு எழுது என்றார். விமானத்தின் உடலில் நீ பார்த்து முத்திரை குத்துகிற இடம் எந்த வரிசைக்கு நேராக வரும் என்று எழுது, அங்கேதான் உட்காருவாராம்.

முத்தங்களுடன் உன் அம்மா,
ஜோசியான்.